ஆளை எடைபோடும்போது: சாய்வு எங்கே நுழைகிறது?

ஜான் டார்லி, பேஜெட் கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் காணொளியைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். சிலருக்கு அவள் வசதியான குடியிருப்பில் வளர்பவளாகத் தெரிந்தாள். சிலருக்கு ஏழைப் பகுதியில் வளர்பவளாகத் தெரிந்தாள். பெற்றோரின் படிப்பும் தொழிலும் அதற்கேற்ப மாற்றிச் சொல்லப்பட்டன. இதோடு நிறுத்தி, "படிப்பில் இவள் எந்த வகுப்பு நிலையில் இருப்பாள்?" என்று கேட்டபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொன்னது. பின்னணியை மட்டும் வைத்து ஒரு குழந்தையை மதிப்பிடுவது முறையல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேறு சிலருக்கு அதே பின்னணிக்குப் பிறகு இன்னொரு காணொளியும் காட்டப்பட்டது. அதில் சிறுமி ஆசிரியரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாள். சில கடினமான கேள்விகளுக்குச் சரியாகச் சொல்கிறாள், சில எளிய கேள்விகளில் தவறுகிறாள், சில நேரம் கவனமாக இருக்கிறாள், சில நேரம் வேறெங்கோ பார்க்கிறாள். எல்லோரும் பார்த்தது ஒரே காட்சிதான். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை என்று நினைத்தவர்கள் அவளை வகுப்புக்கு மேலான நிலையில் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்று நினைத்தவர்கள் கீழே வைத்தார்கள். இரு தரப்பினரும் காணொளியையே ஆதாரம் காட்டினார்கள். முன்னவர்களின் நினைவில் அவள் கூடுதலான கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தாள்.

பாரபட்சம் பற்றிய பொதுப் பேச்சில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்த இடம்தான். சாய்வு என்றால் ஆதாரமே பார்க்காமல் முடிவெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட அப்பட்டமான பாரபட்சமும் உண்டு, ஆனால் அதை அடையாளம் காண்பது எளிது. அதைவிடப் பரவலானது ஆதாரத்துக்குள்ளேயே கலந்துவிடும் சாய்வு. எதைக் கவனிக்கிறோம், கவனித்ததை எப்படிப் படிக்கிறோம், எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம், என்ன சொல்லில் எழுதி வைக்கிறோம் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது சேர்கிறது. கடைசியில் முடிவெடுக்கும் ஆள் மனசாட்சிப்படி நேர்மையாகவே முடிவெடுக்கிறார். அவர் கையில் இருக்கும் சான்றுதான் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது.

முதல் நொடியின் வேலை

ஒரு முகத்தைப் பார்த்து அதில் நம்பகம், திறமை, முரட்டுத்தனம் ஆகியவற்றைப் 'படிக்க' மனிதருக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் 2006-இல் காட்டியபடி, நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிநொடி போதும். அதற்கு மேல் நேரம் கொடுத்தபோது மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. மதிப்பிட்டவரின் தன்னம்பிக்கைதான் கூடியது. டோடோரோவின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க செனட் வேட்பாளர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்து "யார் திறமையானவராகத் தெரிகிறார்?" என்று சொல்லச் சொன்னார்கள். ஏறத்தாழ 70 சதவீதத் தொகுதிகளில் வென்றவரும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் ஒருவராகவே இருந்தார்கள். முகத்தில் திறமை எழுதியிருக்கிறது என்பதற்கு இது சான்றாகாது. வாக்காளர்களும் அதே முகத்தைத்தான் பார்த்தார்கள் என்பதையே இது காட்டுகிறது.

முதலில் பதிந்த ஒரு குணம் பின்னால் வரும் எல்லாவற்றின் பொருளையும் மாற்றும். சாலமன் ஆஷ் 1946-இல் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிய குணப் பட்டியலைப் படித்துக் காட்டினார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, அன்பானவர், உறுதியானவர், நடைமுறை தெரிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கு 'அன்பானவர்' என்ற ஒரே சொல்லை எடுத்துவிட்டு 'ஒட்டாதவர்' என்று சொன்னார். பட்டியலைக் கேட்டவர்கள் அந்த மனிதரின் தாராள குணம், நகைச்சுவை, மகிழ்ச்சி பற்றி வரைந்த சித்திரமே தலைகீழாக மாறியது. அதே இடத்தில் 'பணிவானவர்' என்றும் 'வெடுக்கென்று பேசுபவர்' என்றும் மாற்றி வைத்துப் பார்த்தபோது அவ்வளவு மாற்றம் வரவில்லை. ஹரால்டு கெல்லி 1950-இல் இதையே வகுப்பறைக்குக் கொண்டுபோனார். புதிதாக வரும் விரிவுரையாளரைப் பற்றி மாணவர்களுக்குக் கொடுத்த குறிப்பில் இந்த ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. எல்லோரும் ஒரே அறையில் ஒரே விரிவுரையைக் கேட்டார்கள். 'அன்பானவர்' என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் விவாதத்தில் கலந்துகொண்டார்கள். 'ஒட்டாதவர்' என்று படித்தவர்களில் 32 சதவீதம் பேர்தான்.

ஒரு நல்ல குணம் மற்றவற்றுக்கும் பரவுவதை எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே ராணுவ அதிகாரிகள் தரும் மதிப்பெண்களில் கண்டார். ஒளிவட்ட விளைவு என்று அதைச் சொல்கிறோம். இதில் கவலைக்குரிய பகுதியை ரிச்சர்டு நிஸ்பெட், திமோத்தி வில்சன் 1977-இல் காட்டினார்கள். ஒரே ஆசிரியர் ஒரு காணொளியில் கனிவாகவும் இன்னொன்றில் கடுமையாகவும் பேசினார். கடுமையான காணொளியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய தோற்றமும் அயல்நாட்டு உச்சரிப்பும்கூட எரிச்சலூட்டின. ஆனால் தாங்கள் அவரை விரும்பாததற்கு அந்த உச்சரிப்பும் ஒரு காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். விளைவும் காரணமும் அவர்கள் மனதுக்குள் இடம் மாறியிருந்தன. ஆகவே "இவரை ஏன் பிடிக்கவில்லை?" என்று நம்மையே கேட்டுக்கொண்டால் கிடைக்கும் பதிலை அப்படியே நம்ப முடியாது.

கோடு கிழித்தால் போதும்

ஆட்களைக் குழுவாகப் பிரித்துப் பார்ப்பது மூளையின் சாதாரணப் பழக்கம். பிரித்த உடனேயே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஒரு குழுவுக்குள் இருப்பவர்கள் ஒரே அச்சாகத் தெரிகிறார்கள். ஹென்றி டாஜ்ஃபெல், ஆலன் வில்க்ஸ் 1963-இல் இதை மனிதர்களை வைத்துக்கூடச் செய்யவில்லை. நீளத்தில் சிறிது சிறிதாகக் கூடும் எட்டுக் கோடுகளை எடுத்துக்கொண்டார்கள். குட்டையான நான்குக்கு ஓர் எழுத்தும் நீளமான நான்குக்கு இன்னோர் எழுத்தும் கொடுத்தார்கள். அப்படிச் செய்ததும் நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்த்தவர்கள் மிகைப்படுத்திச் சொன்னார்கள். வெறும் கோட்டுக்கே இப்படி என்றால், தலைமுறைகளாகக் கதைகளும் அச்சங்களும் ஒட்டியிருக்கும் மனிதக் குழுக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பின்னர் 1970-களின் தொடக்கத்தில் டாஜ்ஃபெல் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களைப் பொருளற்ற காரணங்களால் இரண்டாகப் பிரித்தார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்பதுபோன்ற காரணங்கள். தன் குழுவில் யார் யார் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. கொடுக்கும் பணத்தில் தனக்குப் பங்கும் இல்லை. அப்படியிருந்தும் தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இன்னும் முக்கியமானது, தன் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்ற குழுவைவிட இடைவெளி இருக்க வேண்டும் என்ற போக்கும் அவர்கள் தேர்வில் தெரிந்தது. பகையோ பழைய வரலாறோ இல்லாத இடத்திலும் சாய்வு முளைக்க ஒரு பெயர்ப்பலகை போதுமானதாக இருந்தது.

இல்லாத தொடர்பை எண்ணிக்கை எப்படி உருவாக்குகிறது என்பதை டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்டு 1976-இல் செய்த சோதனை தெளிவாகக் காட்டுகிறது. மொத்தம் 39 வாக்கியங்கள். 26 வாக்கியங்கள் முதல் குழுவினரைப் பற்றியவை, 13 இரண்டாம் குழுவினரைப் பற்றியவை. முதல் குழுவில் 18 நல்ல செயல்கள், 8 கெட்ட செயல்கள். இரண்டாவதில் 9 நல்லவை, 4 கெட்டவை. இரண்டிலும் விகிதம் 9-க்கு 4. எந்த வேறுபாடும் இல்லை. படித்தவர்கள் இரண்டாம் குழுவின் கெட்ட செயல்களை உண்மையைவிட அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். அந்தக் குழுவை மட்டமாகவும் மதிப்பிட்டார்கள். காரணம் இதுதான்: சிறிய குழு அரிதாகக் கண்ணில் படுகிறது, கெட்ட செயலும் அரிது. இரண்டு அரிதான விஷயங்கள் சேர்ந்து வரும்போது அது மனதில் தனியாகப் பதிகிறது. சிறுபான்மையினர் ஒருவர் செய்த குற்றம் ஊரெல்லாம் பேசப்படுவதற்கும் பெரும்பான்மையினர் ஒருவர் செய்த அதே குற்றம் சில நாளில் மறக்கப்படுவதற்கும் யாருடைய சதியும் தேவையில்லை. செய்தி சொல்பவர் குழுப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் இந்தப் பிழை பல மடங்காகும்.

"ஆனால் சில பொதுக்கருத்துகள் உண்மைதானே?" என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் தேவை. குழுச் சராசரிகளில் வேறுபாடு இருப்பதும், மக்கள் அதை ஓரளவு சரியாக ஊகிப்பதும் உண்டு. ஆனால் சராசரியை வைத்துத் தனி ஆளைக் கணிக்கும்போது கணக்கு சறுக்குகிறது. இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே அரைத் திட்டவிலக்கம் வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம் (திட்டவிலக்கம் என்பது ஒரு குழுவுக்குள் ஆட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பதன் அளவு). சமூக ஆய்வுகளில் இது நடுத்தர அளவு என்று கொள்ளப்படுவது. 'உயர்ந்த' குழுவிலிருந்து ஒருவர், 'தாழ்ந்த' குழுவிலிருந்து ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 இணைகளை எடுத்தால், 64 இணைகளில் முதலாமவர் மேலாக இருப்பார். 36 இணைகளில் இரண்டாமவர் மேலாக இருப்பார். அதாவது, உண்மையான ஒரு வேறுபாட்டை நம்பி முடிவெடுத்தாலும் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் தவறிப்போகிறோம். வேறுபாடு ஐந்தில் ஒரு திட்டவிலக்கம் என்றால் கணக்கு 56-க்கு 44. காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். ஆள் நம் எதிரில் இருக்கும்போது, அவருடைய வேலையின் ஒரு மாதிரியை நேரில் பார்க்க வாய்ப்பிருக்கும்போது, இந்தக் குழுக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை.

ஒரே செயல், இரண்டு பெயர்

மற்றவர் ஏன் அப்படிச் செய்தார் என்று காரணம் கற்பிக்கும்போது சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடுகிறோம். லீ ராஸ், தெரசா அமாபிலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் 1977-இல் நடத்திய வினாடி வினாச் சோதனையில், கேள்வி கேட்பவர், பதில் சொல்பவர் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல எதேச்சையாகப் பிரித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த துறையிலிருந்து கடினமான பத்துக் கேள்விகளைத் தயாரிக்கலாம். பதில் சொல்பவர் பலவற்றில் தடுமாறுவது இயற்கை. இந்த ஏற்பாடு முழுவதும் தெரிந்தே பார்த்தவர்களும், ஏன் பதில் சொன்னவர்களுமே, கேள்வி கேட்டவரைத்தான் அதிக அறிவுள்ளவர் என்று மதிப்பிட்டார்கள். பதவி, மேடை, கேள்வி கேட்கும் உரிமை ஆகியவை தரும் பலத்தை அந்த ஆளின் அறிவாக எண்ணிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

இதோடு குழுச் சார்பு சேரும்போது விளைவு கடுமையாகிறது. பர்ட் டங்கன் 1976-இல் வெள்ளை இன மாணவர்களுக்கு ஒரு வாக்குவாதக் காட்சியைக் காட்டினார். முடிவில் ஒருவர் மற்றவரைத் தள்ளுகிறார். அது விளையாட்டா, தாக்குதலா என்று தெளிவாகத் தெரியாத அளவு. கறுப்பர் வெள்ளையரைத் தள்ளியபோது 75 சதவீதம் பேர் அதை வன்முறை என்று குறித்தார்கள். வெள்ளையர் கறுப்பரைத் தள்ளியபோது அப்படிக் குறித்தவர்கள் 17 சதவீதம்.

மொழியிலும் இந்தச் சாய்வு தங்கிவிடுகிறது. இதற்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது எங்கள் வருத்தம். குன் செமின், கிளாஸ் ஃபீட்லர் 1988-இல் ஒரு செயலைச் சொல்லும் விதங்களை நான்கு படிகளாக வகுத்தார்கள். "தோளைத் தள்ளினான்" என்பது கண்ணால் கண்டது. "தாக்கினான்" என்பது பொருள் கொண்டது. "அவனை வெறுக்கிறான்" என்பது மனநிலையைச் சொல்வது. "முரடன்" என்பது ஆளையே சொல்வது. படி ஏற ஏற, அந்த நாளும் இடமும் காரணமும் உதிர்ந்து, நிலையான குணம் மட்டும் மிஞ்சுகிறது. ஆன் மாஸும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் இத்தாலியில், குதிரைப் பந்தயத்தில் போட்டியிடும் பேட்டைக்காரர்களை வைத்து ஆராய்ந்தார்கள். தன் பேட்டைக்காரர் நல்லது செய்தால் மேல்படிச் சொற்கள், கெட்டது செய்தால் கீழ்படிச் சொற்கள்; எதிர்ப் பேட்டைக்காரருக்கு அப்படியே நேர்மாறு. "எங்கள் ஆள் அன்று தாமதமாக வந்தார்", "அவர்கள் ஆள் பொறுப்பில்லாதவர்" என்ற இரண்டும் ஒரே நிகழ்வாக இருக்கலாம். படிப்பவருக்கோ ஒன்று விபத்தாகவும் மற்றது குணமாகவும் போய்ச் சேர்கிறது. பணி மதிப்பீடு, பள்ளி அறிக்கை, காவல் குறிப்பு, மருத்துவக் கோப்பு எதுவானாலும் அதில் உள்ள பண்புச் சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எப்போது, என்ன செய்தார்?" என்பதற்கு விடை இல்லையென்றால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு நடந்ததை எழுத வேண்டும்.

எதிர்பார்ப்பு ஆளை மாற்றும்போது

தவறான எதிர்பார்ப்பை உண்மை நிலவரம் திருத்திவிடும் என்று நம்புவது இயல்பு. பல நேரம் அது நடப்பதில்லை, ஏனென்றால் எதிர்பார்ப்பு நம் நடத்தையை மாற்றுகிறது. நம் நடத்தை எதிரிலிருப்பவரை மாற்றுகிறது. கார்ல் வேர்டு, மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் 1974-இல் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் கட்டத்தில் வெள்ளையர்கள் நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். விண்ணப்பதாரர் கறுப்பராக இருந்தபோது நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், நேர்காணலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் குறைத்து முடித்துக்கொண்டார்கள். இரண்டாம் கட்டத்தில், நேர்காணல் செய்பவர்களுக்கு இந்த இரண்டு பாணிகளிலும் பயிற்சி கொடுத்து, வெள்ளை விண்ணப்பதாரர்களிடம் அவற்றைப் பயன்படுத்தச் சொன்னார்கள். முன்பு கறுப்பர்களுக்குக் கிடைத்த உபசரிப்பு இப்போது கிடைத்த வெள்ளையர்கள் பதற்றமடைந்தார்கள். பதில்களும் மோசமாக அமைந்தன. முதல் கட்டத்தை மட்டும் பார்த்த ஒருவர் "அவர் நேர்காணலில் சரியாகச் செய்யவில்லை" என்று எழுதியிருந்தால், அது பொய்யாகவும் இருந்திருக்காது. அதுதான் இதன் கொடுமை.

அந்தக் கொடுமையின் விலை எங்கே விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரியன் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பாஸ்டன், சிகாகோ நகர நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயர்போல ஒலிக்கும் பெயர்களுக்கு அழைப்பு 50 சதவீதம் கூடுதலாக வந்தது. இந்தியாவில் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் 2007-இல் செய்த இதேபோன்ற ஆய்வில், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. மருத்துவத்தில், கெல்லி ஹாஃப்மன் குழு 2016-இல் அமெரிக்காவில் கண்டது இன்னும் வேதனையானது. ஆய்வில் பங்கேற்ற வெள்ளை இன மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் சுமார் பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிமனானது என்பதுபோன்ற தவறான உடலியல் நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்களின் சிகிச்சைப் பரிந்துரைகளும் அதற்கேற்பத் தவறின.

நல்ல எண்ணம் ஏன் போதவில்லை

"இனிமேல் அப்படி நினைக்கக் கூடாது" என்று மனதை அடக்குவது முதலில் தோன்றும் வழி. நீல் மெக்ரே குழு 1994-இல் இதைச் சோதித்தது. முரடர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட 'ஸ்கின்ஹெட்' எனும் மொட்டைத் தலை இளைஞர் கும்பலைச் சேர்ந்த ஒருவரின் படத்தைக் காட்டி, வழக்கமான முத்திரைகள் இல்லாமல் அவருடைய ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்த முதல் பத்தியில் முத்திரை குறைந்தது. அடுத்து, அறிவுரை ஏதும் இல்லாமல் இன்னொருவரைப் பற்றி எழுதியபோது, அடக்கியவர்களின் எழுத்தில் முத்திரை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. "நடுநிலையோடு பாருங்கள்" என்ற அறிவுரைக்கும் பெரிய பலன் இல்லை. சார்லஸ் லார்டு, மார்க் லெப்பர், எலிசபெத் பிரெஸ்டன் 1984-இல், மரண தண்டனை பற்றிய ஆய்வுகளை மதிப்பிடச் செய்து ஒப்பிட்டுக் காட்டினார்கள்: அந்த அறிவுரை கேட்டவர்கள் மாறவில்லை. "இதே ஆய்வு எதிர்ப்பக்க முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பெண் கொடுத்திருப்பீர்களா?" என்று படிக்குப் படி கேட்டுக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களிடம்தான் சாய்வு குறைந்தது. ஆட்களை மதிப்பிடும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இதே பதிலை வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் சொல்லியிருந்தால் நான் இப்போது என்ன எழுதியிருப்பேன்?

அந்தோனி கிரீன்வால்டு குழு 1998-இல் அறிமுகப்படுத்திய மறைமுகத் தொடர்புச் சோதனை உலகெங்கும் பரவியிருக்கிறது. சொற்களையும் முகங்களையும் வேகமாகப் பிரிக்கும்போது ஏற்படும் தாமதத்தை வைத்து உள்மனச் சார்பை அளப்பது அது. ஆனால் ஒரே ஆளுக்கு மறுபடி வைத்தால் முடிவு கணிசமாக மாறுகிறது. தனி ஒருவரை "நீ பாரபட்சமானவன்" என்று தீர்ப்பளிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. கால்வின் லாய் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவை உடனடியாகக் குறைத்த ஒன்பது வழிமுறைகளையும் பின்தொடர்ந்து பார்த்தபோது, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் எல்லாவற்றின் விளைவும் மறைந்திருந்தது. பேட்ரிக் ஃபோர்ஷர் குழு 2019-இல் 492 ஆய்வுகளைத் தொகுத்து, இந்த அளவு மாறினாலும் நடத்தை அதோடு சேர்ந்து மாறுவதற்குச் சான்று இல்லை என்று கண்டது. அரை நாள் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு நிறுவனம் திருந்திவிட்டதாக நினைப்பவர்கள் இந்த முடிவுகளைப் படிக்க வேண்டும்.

பெயரை மறைப்பதும் எப்போதும் காப்பாற்றாது. பிரான்சில் லுக் பெகாகெல் குழு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது: பெயரில்லா விண்ணப்ப முறையில் சிறுபான்மையினருக்கு நேர்காணல் அழைப்பு குறைந்தது. ஒரு காரணம், அதில் சேர முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே ஓரளவு பரிவோடு பார்த்தவை. விண்ணப்பதாரரின் பின்னணி தெரிந்தபோது வேலை இடைவெளியைப் பொறுத்துக்கொண்டவர்கள், பின்னணி மறைந்ததும் அதைக் குறையாகவே படித்தார்கள்.

படிகளை மாற்றுவது

எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் 2005-இல் காட்டிய ஒன்றை இங்கே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஆணிடம் படிப்பு இருந்தால் படிப்புதான் முக்கியம் என்றார்கள். அவரிடம் தெரு அனுபவம் இருந்தால் அனுபவம்தான் முக்கியம் என்றார்கள். ஆளைப் பார்த்துவிட்டு அளவுகோலைச் செய்துகொண்டார்கள். ஆட்களைப் பார்க்கும் முன்பே எது முக்கியம் என்று எழுதித் தரச் சொன்னபோது அந்தப் பாரபட்சம் மறைந்தது.

எனவே கோப்பைத் திறக்கும் முன், நான்கிலிருந்து ஆறு அளவுகோல்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு, தேதியோடு கையெழுத்திட்டு வையுங்கள். ஆறுக்கு மேல் போனால் ஒன்றின் குறையை இன்னொன்றால் மூடும் வசதி வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 மதிப்பெண் என்றால் எப்படிப்பட்ட பதில் என்று ஒரு வரி எழுத வேண்டும்; இல்லாவிட்டால் 'நல்ல தொடர்புத் திறன்' என்ற சொல்லுக்குள் உச்சரிப்பும் உடையும் புகுந்துகொள்ளும். "நம் குழுவோடு ஒத்துப்போவாரா?" என்ற அளவுகோல் மிக ஆபத்தானது. அதை வைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்குரிய செயலாக உடைத்து எழுதுங்கள்: கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தார், தவறு நேர்ந்தபோது யாரிடம் சொன்னார்.

நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒரே நேரம். பதில் முடிந்த உடனே மதிப்பெண். கடைசியில் மொத்தமாகப் போட்டால் ஒளிவட்டம்தான் மதிப்பெண் போடும். பால் சாக்கெட் குழுவின் 2022 மறுகணக்கீட்டில், இப்படிக் கட்டமைத்த நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, மனம் போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனம் போன போக்கில் நடக்கும் உரையாடல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஜேசன் டானா, ராபின் டாஸ், நத்தானியல் பீட்டர்சன் 2013-இல் செய்த சோதனை போதும். அதில் நேர்காணலுக்கு வந்த மாணவர்களில் சிலர் உண்மையான பதிலுக்குப் பதிலாக, கேள்வியில் உள்ள சொற்களின் எழுத்தை வைத்த ஒரு விதிப்படி எதேச்சையாகப் பதில் சொன்னார்கள். நேர்காணல் செய்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. எதிரிலிருப்பவரை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். அந்த மாணவர்கள் பின்னர் வாங்கப்போகும் மதிப்பெண்ணை, பழைய மதிப்பெண்களை மட்டும் பார்த்துக் கணித்தவர்கள் அவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள்.

விடைத்தாள் திருத்துவதற்கும் இதே ஒழுங்குதான். ஒரு மாணவரின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் திருத்தி, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு இரண்டாம் கேள்விக்குப் போக வேண்டும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் 2012-இல் இந்தியாவில் செய்த ஆய்வில், முகப்புத்தாளில் சாதி, வயது, பாலினத்தை எதேச்சையாக மாற்றி எழுதினார்கள். 'தாழ்த்தப்பட்ட சாதி' என்று குறித்த தாள்களுக்கு 0.03 முதல் 0.08 திட்டவிலக்கம் வரை குறைவாக மதிப்பெண் கிடைத்தது. கட்டின் தொடக்கத்தில் திருத்தப்பட்ட தாள்களில் அந்தக் குறைப்பு அதிகமாக இருந்தது. திருத்துபவரின் அளவுகோல் இன்னும் நிலைபெறாத நேரம் அது. ஆகவே முதலில் திருத்திய சில தாள்களைக் கடைசியில் மறுபடி பார்ப்பது கட்டாயம்.

குழுவாக முடிவெடுக்கும் இடத்தில், பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். ஒருவரை மட்டும் தனியாகப் பார்த்து 'சரி' அல்லது 'வேண்டாம்' என்பதைவிட இருவர், மூவரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. ஐரிஸ் போனே குழு 2016-இல் காட்டியபடி, தனித்தனியாகப் பார்த்தவர்கள் ஆண், பெண் என்ற முத்திரையில் சாய்ந்தார்கள். சேர்த்துப் பார்த்தவர்கள் செய்த வேலையைப் பார்த்தார்கள்.

கடைசியாக, கணக்கு வைத்துக்கொள்வது. தவறாகச் சேர்த்துக்கொண்டவர் நம் கண்முன் இருப்பார். தவறாக விலக்கியவர் போய்விடுவார், அந்தப் பிழை என்றும் தெரியவராது. அதைக் காண எண்ணிக்கைதான் வழி. அமெரிக்காவில் 1978-இல் ஒரு விதி வகுக்கப்பட்டது: ஒரு குழுவின் தேர்வு விகிதம், அதிகம் தேர்வான குழுவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் காரணத்தை ஆராய வேண்டும். 100 பேரில் 40 பேர் தேர்வான குழுவின் விகிதம் 40 சதவீதம். 50 பேரில் 12 பேர் தேர்வான குழுவுக்கு 24 சதவீதம். இருபத்துநான்கை நாற்பதால் வகுத்தால் 60 சதவீதம். எண்பதுக்கு வெகு கீழே. பத்துப் பேர், ஐந்து பேர் என்ற சிறு எண்ணிக்கையில் இந்தக் கணக்கு தற்செயலாகவே மேலும் கீழும் ஆடும் என்பதால், பல சுற்றுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விகிதம் எந்தப் படியில் விழுகிறது என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை வடிகட்டும் படியில் விழுந்தால் தகுதி நிபந்தனைகளில் வேலைக்குத் தேவையில்லாத ஒன்று ஒளிந்திருக்கலாம். நேர்காணலில் விழுந்தால், அன்று எழுதிய குறிப்புகளை வெளியே எடுத்து, எந்தக் குழுவினருக்குச் செயல்கள் எழுதப்பட்டிருக்கின்றன, எந்தக் குழுவினருக்குப் பண்புச் சொற்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இறுதிக் கூட்டத்தில் விழுந்தால், எழுத்தில் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் கடைசி முடிவுக்கும் இடையே யார் பெயர் எத்தனை இடம் மாறியது, அதற்கு என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.